வெளியே ஒரு வீடு, உள்ளே வேறு வீடா? – கேள்வி பதில்

கே: வெளிச்சுவருக்கு அடித்த அதே சாம்பல் நிறம்தான் ஹாலுக்கும். வெளியே அழகு, உள்ளே குகை மாதிரி இருக்கிறது. ஏன்?

ப: நிறம் ஒன்றுதான், வெளிச்சம் ஒன்றில்லையே. நேர் வெயிலில் எந்த நிறமும் வெளிறித் தெரியும், ஜன்னல் வழியே வரும் கொஞ்ச வெளிச்சத்தில் அதுவே இருண்டுவிடும். பல பெயின்ட் கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி என்று ஓர் எண் கொடுக்கின்றன, அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது, 0 கறுப்பு, 100 வெள்ளை. வெளியே 35 என்றால் உள்ளே 60க்கு மேல் போங்கள், ஆனால் சாம்பலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நிறம் மாறக்கூடாது. அது நீலமா மஞ்சளா என்று தெரிய, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். அப்புறம், மிச்சமான எக்ஸ்டீரியர் பெயின்டையே உள்ளே அடித்திருந்தால் தவறு; அதில் பூஞ்சைக்கொல்லி அதிகம், அறைக்குள் வேண்டாம்.

கே: முகப்பு பழைய பாணிச் செங்கல். உள்ளே எனக்கு நவீனமாக வேண்டும். சேருமா?

ப: தாராளமாக. பாணி ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உள்ளேயும் ஒரு சுவர் முழுக்கச் செங்கல் டைல் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்வது, எனக்குப் பிடிக்காது. செங்கல்லின் சிவப்பை ஒரு விரிப்பிலோ நாற்காலித் துணியிலோ கொண்டுவந்தால் போதும். ஜன்னல் சட்டத்தை முதலில் முடிவு செய்யுங்கள், வீட்டின் இரண்டு பக்கமும் தெரிவது அதுதான். கறுப்புச் சட்டம் என்றால் கேட், கைப்பிடி, விளக்கு எல்லாம் அதே கறுப்பில் வரட்டும்.

கே: வராண்டாவுக்கும் ஹாலுக்கும் ஒரே டைல் போடலாமா?

ப: போடலாம். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ அமெரிக்காவில் 1951இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டில் உள்ளேயும் வெளித்திண்ணையிலும் ஒரே டிராவர்டைன் கல்தான், நடுவில் கண்ணாடி மட்டும். ஆனால் ஹாலுக்கான வழுவழு டைலை மழை படும் இடத்தில் போட்டால் வழுக்கி விழுவீர்கள். ஒரே டைல் சொரசொரப்பாகவும் கிடைக்கிறதா என்று கேளுங்கள், வெளியே அதைப் போட்டுத் தண்ணீர் ஓட வாட்டம் விடுங்கள், இணைப்புக் கோடுகள் நிலைப்படியைத் தாண்டியும் நேராக ஓடட்டும். கோடு தப்பினால் ஒரே டைல் போட்டும் பயனில்லை.

கே: வாடகை வீடு. வெளியே எதையும் தொட முடியாது.

ப: அப்படியானால் உள்ளே இருப்பது வெளியைப் பார்த்து நடக்கட்டும், பெரும்பாலும் திரையும் கால்மிதியுமே போதும். பல்பையும் கவனியுங்கள்: வாசலில் 6500 கெல்வின் வெள்ளை, ஹாலில் 2700 மஞ்சள் என்றால் இரவில் தெருவிலிருந்து பார்க்கும்போது இரண்டு வீடாகத்தான் தெரியும்.