தோளைக் கேட்டுவிட்டு பேஸ் வாங்குங்கள்

கிறிஸ்துமஸ் ஒத்திகை ஆரம்பித்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "கனமில்லாத பேஸ் கிடார், கையைக் கடிக்காத விலையில் கிடைக்குமா?" இந்த முறை வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சர்ச்சில் பேஸ் வாசிக்கிறேன், வயது 20. இரண்டு மணி நேர ஆராதனை முடிவதற்குள் இடது தோள் மரத்துப்போகிறது. 20,000 ரூபாய்க்குள் எடை குறைந்த மாடல் ஒன்று சொல்லுங்கள். – குடியாத்தம்

மாடல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, தம்பி. ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கும். ஒன்று மூன்றரை கிலோ, பக்கத்தில் தொங்குவது நாலு கிலோவைத் தாண்டும். மரத்துக்கு மரம் வித்தியாசம். முழு அளவு பேஸ் பெரும்பாலும் நாலு கிலோவை ஒட்டித்தான் வரும். மூன்றரைக்குக் கீழே வந்தால் தாராளமாகக் கையில் எடுங்கள்.

நானும் ஏமாந்தவன்தான். விளம்பரத்தில் 3.3 கிலோ என்று போட்டிருந்ததை நம்பி, ஒரு பேஸைப் பார்க்காமலே வரவழைத்தேன். தோளில் மாட்டியதுமே சந்தேகம் வந்தது. தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்கு எடுத்துப்போய்க் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். 4.1 காட்டியது. கடைக்காரர் பேஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சார், எடைக்குப் போடறீங்களா?" என்றார்.

அதனால் கடைக்குப் போகும்போது லக்கேஜ் நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வேலூரில் நாலைந்து பேஸை வரிசையாக நிறுத்துப் பார்க்க வாய்ப்பு குறைவு. காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கு ஒருநாள் போய்வருவது நல்லது.

இந்த விலையில் பாடி பெரும்பாலும் பாப்லர், பாஸ்வுட், ஒகூமே என்று இருக்கும். மூன்றும் கனம் குறைந்தவைதான். பாஸ்வுட் என்ற பெயரைப் பார்த்து பேஸுக்கென்றே வளர்த்த மரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது லிண்டன் மரம், பெயர் வந்தது அதன் பட்டை நாரிலிருந்து. பாடியே சின்னதாக இருந்தால் மரம் எதுவானாலும் எடை குறையும். ஐபனெஸ் மைக்ரோ மாதிரி குட்டி பேஸ்களையும் வாசித்துப் பாருங்கள். 'பசங்க கிடார்' என்று கொயரில் கிண்டல் செய்வார்கள். ஸ்பீக்கரில் கேட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இருபதாயிரத்தையும் பேஸுக்கே போட்டுவிடாதீர்கள். நல்ல ஸ்ட்ராப் (தோள்பட்டை), ஒரு செட் தந்தி, தந்தி உயரம், நெக் எல்லாம் சரிசெய்யும் செட்டப் கூலி என்று இரண்டாயிரமாவது ஒதுக்கி வையுங்கள்.

எடை குறைந்த பேஸ்தான் வாங்கினேன். ஆனால் கையை எடுத்தால் அதன் தலை தரையைப் பார்க்கிறது. இப்போது தோள் வலி போய் மணிக்கட்டு வலி. – ஆம்பூர்

பாடி இலேசாகிவிட்டது, விரல் வைக்கும் நீண்ட நெக்கும் அதன் நுனியில் தந்தியை முறுக்கும் நாலு இரும்புக் கீயும் அதே கனத்தில் இருக்கின்றன. தராசுத் தட்டு அந்தப் பக்கம் இறங்கத்தானே செய்யும்? இடது கை ஸ்வரம் பிடிக்கிற வேலையோடு நெக்கைத் தாங்குகிற வேலையும் பார்க்கிறது. சொல்லப்போனால், தலை சாயாத நாலு கிலோ பேஸ் இதைவிடச் சுகம்.

கேள்வி ஆம்பூரிலிருந்து வந்ததுதான் எனக்குச் சிரிப்பு. மருந்து உங்கள் ஊரிலேயே இருக்கிறது! இப்போது போட்டிருப்பது வழவழ நைலான் பட்டையாக இருக்கும். சட்டையில் வழுக்கும், பேஸ் சாயும். தோல் வேலை தெரிந்த ஒருவரிடம் மூன்றரை அங்குல அகலத்தில் பட்டை வெட்டித்தரச் சொல்லுங்கள். சொரசொரப்பான உள்பக்கம் சட்டையில் படவேண்டும், பளபளப்பு வெளியே. அந்தப் பிடிப்பிலேயே பாதிச் சாய்வு நின்றுவிடும். மிச்சத்துக்கு, கனம் குறைந்த கீ செட் மாற்றலாம். சிலர் பாடியின் பின்னால் ஈயக்கட்டி ஒட்டுகிறார்கள். கனம் வேண்டாம் என்றுதானே இதை வாங்கினீர்கள்?

இனி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஸ்ட்ராப் மாட்டி, நின்று, இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள். பாடியில் ஸ்ட்ராப் மாட்டும் மேல் கொம்பு 12ஆம் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை நீண்டிருந்தால் பேஸ் பெரும்பாலும் நேராக நிற்கும்.

மகளுக்கு 11 வயது. விரல் எட்டவில்லை என்கிறாள். ஷார்ட் ஸ்கேல் வாங்கினால் பிறகு பெரிய பேஸுக்கு மாறுவது கஷ்டமா? – ராணிப்பேட்டை

கஷ்டமில்லை அம்மா. வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம், ஷார்ட் ஸ்கேலில் 30. முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட்டுக்கு அதில் 5.1 அங்குலம், இதில் 4.5. பாப்பாவின் சுண்டுவிரலுக்கு அந்த அரை அங்குலம் பெரிய விஷயம். அதே தந்தியை அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசையும் சுமார் 22 சதவீதம் குறையும். விரல் நுனி அவ்வளவாக வலிக்காது.

தந்தி வாங்கும்போது ஷார்ட் ஸ்கேல் செட் என்று கேட்டு வாங்குங்கள். நீளமானதை வெட்டிப் போட்டால் தடித்த பகுதி கீயில் சரியாகச் சுற்றாது.

கொயரில் ஈ-பிளாட் சுருதிப் பாட்டு நிறைய. ஐந்து தந்தி பேஸ் வாங்கலாமா? – காட்பாடி

தோள்வலி இருந்தால் வேண்டாம். நெக் அகலம், கீ ஒன்று கூடுதல், எல்லாம் கனம். ஈ-பிளாட்டுக்கு ஏ தந்தியில் ஆறாவது ஃப்ரெட் இருக்கிறது. கீழ் டி வேண்டுமென்றால் ஈ தந்தியை ஒரு ஸ்வரம் இறக்குங்கள். ஐந்தாவது தந்தியின் 31 ஹெர்ட்ஸ் அடி ஒலி, சர்ச் ஸ்பீக்கரில் பெரும்பாலும் ஒழுங்காகக் கேட்கவும் கேட்காது.

இலேசான மரம் வேலூர் வெயிலில் சீக்கிரம் வளைந்துவிடுமா? – சத்துவாச்சாரி

வளைவது பாடி இல்லை, நெக். அது இலேசான பேஸிலும் பெரும்பாலும் மேப்பிள்தான். மே மாதம் 40 டிகிரி தாண்டும் ஊரில், பூட்டிய காரில் மட்டும் பேஸை விட்டுவிடாதீர்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி. அதற்கு மேல் என்றால் நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வயது 54, முப்பது வருடமாக மெல்லிசைக் கச்சேரி. டிஸ்க் பிரச்சினை, டாக்டர் கனம் தூக்காதே என்கிறார். – வாலாஜாபேட்டை

டாக்டர் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அண்ணே. பிடில் மாதிரி உருவத்தில், உள்ளே கூடாக வரும் பேஸ் சுமார் இரண்டரை கிலோதான் இருக்கும். பால் மெக்கார்ட்னி வாசிப்பாரே, அந்த ஹோஃப்னர் ஜாதி. அசல் ஜெர்மன் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. அதே வடிவில் மலிவானது போதும். பெஞ்சில் உட்கார்ந்தே வாசியுங்கள்.

ஆனால் உங்கள் முதுகை உடைப்பது பேஸ்தானா? பத்துப் பதினைந்து கிலோ ஆம்ப்ளிஃபயரை இன்னும் நீங்களே மாடி ஏற்றுகிறீர்கள் என்றுதான் சந்தேகப்படுகிறேன். ஒரு டிஐ பாக்ஸ் (பேஸை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வாங்கி நேராக மிக்ஸருக்கு லைன் கொடுங்கள். ஆம்ப் வேண்டியே தீரும் என்றால், டிரம்ஸ் வாசிக்கிற பையன் சும்மாதானே நிற்கிறான்? கூச்சப்படாமல் அவனைத் தூக்கச் சொல்லுங்கள்.