பிளான் பார்ப்பது எப்படி? கொத்தனார்களின் கேள்விகளும் ஒரு மேஸ்திரியின் பதில்களும்

எல்லாருக்கும் வணக்கம். சித்தாளாக வந்து கரண்டி பிடித்தவன் நான். இப்போது ஈரோடு பக்கம் ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, சைட் லீவு. கொத்து வேலைக்குப் பிளான் பார்ப்பது பற்றி மட்டும் கேளுங்கள். கூலி, சிமென்ட் விலை எல்லாம் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாளின் மேல் டேப் வைக்காதீர்கள். ஏன் என்று யாராவது கேட்பீர்கள், அப்போது சொல்கிறேன்.

கேள்வி (திருச்செங்கோடு): அண்ணே, கொத்து வேலைக்கு வந்து 2 வருடம் ஆகிறது. பிளானை விரித்தால் கோடு கோடாகத்தான் தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தம்பி, கட்டி முடித்த வீட்டை நெஞ்சு உயரத்தில், சுமார் 4 அடியில், ரம்பம் போட்டுப் படுக்கை வாட்டத்தில் அறுத்துவிட்டதாக நினைத்துக்கொள். மேல் பாதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மேலே நின்று குனிந்து பார்க்கிறாய். தெரிவதுதான் பிளான்.

அறுபட்டதெல்லாம் தடித்த கோடு. அதாவது சுவர், பில்லர். அறுத்த இடத்துக்குக் கீழே இருப்பது மெல்லிய கோடு: படி, சமையல் மேடை, ஜன்னலின் அடிக்கட்டை. மேலே போய்விட்டது, ஆனால் அங்கே ஒன்று உண்டு என்று நமக்குச் சொல்லியாக வேண்டும் என்றால் விட்டு விட்டுப் போட்ட கோடு: பரண், பீம், சன்ஷேடு. இந்த மூன்றும் பிடிபட்டால் பாதி பிளான் படித்த மாதிரி.

என்னிடம் புதிதாக வந்த பையன் ஒருவன், படுக்கையறையில் பரணுக்குப் போட்டிருந்த விட்டு விட்ட கோட்டை நாலரை இன்ச் சுவர் என்று நினைத்து நூல் கட்டி 2 வரி (2 அடுக்குக் கல்) வைத்துவிட்டான். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கட்டில் போடும் இடத்தில் ஒரு குட்டிச் சுவர் நிற்கிறது. திட்டவில்லை. பிளானைக் கையில் கொடுத்து, "வாசல்படி ஏறி ஒவ்வொரு ரூமாக விரலால் நடந்து போ" என்றேன். அந்தச் சுவரில் விரல் முட்டியதும் அவனே சிரித்துவிட்டான். நீயும் அப்படி நடந்து பழகு. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, படிக்கட்டில் அம்பு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நட.

இன்னொன்று, பிளானில் உயரம் இருக்காது. உயரம் வேண்டுமென்றால் செக்ஷன் பார்க்க வேண்டும். பிளானின் குறுக்கே 'ஏ-ஏ' என்று ஒரு கோடு ஓடும், அதன் முனையில் அம்பு இருக்கும். அந்தக் கோட்டில் வீட்டைக் கேக் மாதிரி நெட்டுக்குத்தாக வெட்டி, அம்பு காட்டும் பக்கம் பார்த்தால் தெரிவது செக்ஷன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி (நாமக்கல்): டி1, டபிள்யூ2, வி என்று எழுதியிருக்கிறதே?

கதவு, ஜன்னல், வென்டிலேட்டர். தாளின் ஓரத்தில் ஷெட்யூல் என்று ஒரு கட்டம் இருக்கும், அளவெல்லாம் அதில்தான். முதலில் அகலம், அப்புறம் உயரம். அது நிலையின் வெளி அளவா, சுவரில் விட வேண்டிய ஓப்பனிங்கா என்று எஞ்சினியரிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி (பல்லடம்): எஞ்சினியர் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். 1:100 என்று போட்டிருக்கிறது. பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாமா?

கேட்டுவிட்டீர்களா, சரி. கூடாது.

1:100 என்றால் தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 1 மீட்டர். ஆனால் அந்தக் கணக்கு எஞ்சினியர் எந்தத் தாளுக்கு வரைந்தாரோ அந்தத் தாளில்தான் செல்லும். ஏ1 தாளுக்கு வரைந்ததை ஜெராக்ஸ் கடையில் ஏ3-இல் எடுத்தால் நீளம் சரிபாதி ஆகிவிடும். தலைப்பில் 1:100 என்றே இருக்கும், உண்மையில் அது 1:200. இந்த மாதிரி சரிபாதியானால்கூடப் பரவாயில்லை, யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். 'பேஜுக்கு ஃபிட்' என்று அழுத்தி 100-க்கு 94 ஆகச் சுருங்கினால்? யாருக்கும் தெரியாது.

எனக்கே நடந்தது. ஒரு வீட்டில் சமையலறை குறுக்குச் சுவருக்கு அளவு எழுத விட்டுப்போயிருந்தது. போன் பண்ணிக் கேட்கச் சோம்பல். தாளில் டேப் வைத்துப் பார்த்து மார்க் பண்ணிவிட்டேன். 5 வரி வந்த பிறகு எஞ்சினியர் வந்து அளந்தால் 7 இன்ச் தள்ளி நிற்கிறது. இடித்த சுவருக்குக் கல்லும் கலவையும் என் கணக்கில்.

எழுதியிருக்கும் எண்தான் அளவு. எண் இல்லையா, போன் பண்ணுங்கள். கையோடு தாளின் மூலையில் தேதியும் திருத்த எண்ணும் பாருங்கள். ஆர்2 வந்த பிறகு ஆர்1-ஐ வைத்துக் கட்டினவர்களும் உண்டு.

கேள்வி (சங்ககிரி): லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் கட்டை) 7 அடி என்று செக்ஷனில் இருக்கிறது. எங்கிருந்து 7 அடி?

நல்ல கேள்வி. செக்ஷனில் 0.00 என்று போட்டிருப்பது பெரும்பாலும் டைல்ஸ் போட்டு முடித்த தரை. ஆனால் நாம் முதல் வரி வைப்பது பெல்ட் பீமின் தலையில், அதாவது அஸ்திவாரத்துக்கு மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பீமின் மேல். அந்த மட்டம் -100 என்று இருந்தால், தரை கான்கிரீட், கலவை, டைல்ஸ் எல்லாம் அந்த 100 மி.மீ.க்குள் வரப்போகிறது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஃப்ளைஆஷ் கல் 75 மி.மீ. உயரம், கலவை 10. ஆக ஒரு வரிக்கு 85. லிண்டலின் அடி +2100 (ஏறக்குறைய 7 அடி) என்றால் பீமிலிருந்து 2200. 26 வரி வைத்தால் 2210 வரும். அந்த 10 மி.மீ.யைக் கலவையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிச் சரிசெய்துவிடலாம். -100-ஐப் பார்க்காமல் 2100-க்கு 25 வரி வைத்தீர்களானால், டைல்ஸ் போட்ட பிறகு கதவுக்கு 2025 தான் மிஞ்சும். 3 இன்ச் குறைச்சல். அப்புறம் ஆசாரி நிலையின் காலை அறுப்பார், வீட்டுக்காரர் உங்களை அறுப்பார்.

கேள்வி (தாராபுரம்): பிளானில் பீம் கம்பி விவரம் எப்படிப் படிப்பது அண்ணா?

அது ஸ்ட்ரக்சுரல் டிராயிங். கம்பி கட்டுகிறவரும் எஞ்சினியரும் பார்க்க வேண்டியது. நான் அரைகுறையாகச் சொல்லி நீங்கள் அதை நம்பிச் செய்ய வேண்டாம்.

கேள்வி (பவானி): சென்டர் லைன் மார்க்கிங் (சுவரின் நடுக்கோட்டுக்கு நூல் கட்டுவது) முதல்முறை போடப்போகிறேன். 30-க்கு 40. மூலைமட்டம் வைத்தால் போதுமா?

சின்ன மூலைமட்டம் 40 அடிக்குப் போதாது. மூலையில் ஒரு மயிரிழை பிசகினால் மறுமுனையில் விரற்கடை ஆகிவிடும். 3-4-5 கணக்கு தெரியும்தானே? பக்கம் 3-ம் 4-ம் என்றால், மூலைக்கு மூலை குறுக்கு 5 வந்தால்தான் மூலை சரி. உங்களுக்கு அதிர்ஷ்டம், 30-க்கும் 40-க்கும் குறுக்களவு சரியாக 50 அடி. இரண்டு குறுக்கும் 50 வர வேண்டும். டேப்பை ரூம் ரூமாக எடுத்து வைக்காமல், ஒரே முனையில் பிடித்து 10'9", 21'6" என்று கூட்டிக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரூமிலும் விட்ட கால் இன்ச் சேர்ந்து கடைசிச் சுவரில் வந்து நிற்கும்.

கேள்வி (கோபி): போனில் வந்த பிளானைப் பெரிதாக்கி அளவு எடுக்கலாமா?

மேலே பல்லடத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (காங்கேயம், வீட்டுக்காரர் ஒருவர்): மேஸ்திரி, மனையடிப்படி ரூம் 10 அடி வர வேண்டும் என்று பிளானில் 10'0" போடச் சொன்னேன். பூச்சு முடிந்து அளந்தால் 9'11". யார் மேல் தப்பு?

யார் மேலும் இல்லைங்க. பிளானில் எழுதும் ரூம் அளவு வழக்கமாகச் செங்கலுக்குச் செங்கல். உள்பூச்சு ஒரு பக்கம் அரை இன்ச் என்று வைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 1 இன்ச் போய்விடும்.

(கரூர், ஒரு கொத்தனார்): அண்ணே, மனையடி உள்கூடு (ரூமின் உள் அளவு) என்றாலே பூச்சுக்கு முன்னால்தான். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

உங்கள் ஊரில் அப்படி இருக்கலாம். பூசின பிறகு நிற்கிற இடம்தான் கணக்கு என்று சொல்லும் பெரியவர்களோடும் நான் வேலை செய்திருக்கிறேன்.

(காங்கேயம்): எங்கள் அம்மா 9 என்றால் பீடை என்கிறார். 9'11" என்பது 9-இல் சேர்த்தியா, 10-இல் சேர்த்தியா?

ஐயா, அது ஜோசியரைக் கேட்க வேண்டியது.

(கரூர்): 10-இல்தான் சேர்த்தி. 1 இன்ச்சுக்காக யாராவது வீட்டை இடிப்பார்களா? நீங்கள் இவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பி விடுகிறீர்கள்.

நான் கிளப்பவில்லை தம்பி, அவர் டேப் கிளப்பியது. மனையடி பார்ப்பதும் பார்க்காததும் வீட்டுக்காரர் இஷ்டம். அதில் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் எப்போது முடிவெடுப்பது என்பதில் உண்டு. பூச்சுக்குப் பின் 10 அடி வேண்டுமென்றால் கல்லுக்குக் கல் 10'1" விட வேண்டும். 9 இன்ச் சுவரோடு சென்டருக்கு சென்டர் 10'9" என்பது 10'10" ஆகும். வரிசையாக 3 ரூம் இருந்தால் வீடு 3 இன்ச் வளரும். அது பக்கத்துக் காலியிடத்தில் குறையும். பில்லர் போட்டு நிற்கும் வீட்டில் சுவர் கட்டும்போது இதைப் பேசி ஒரு பயனும் இல்லை. வானம் (அஸ்திவாரக் குழி) பறிக்கும் முன்னால், "இந்த அளவு பூச்சுக்குப் பின்" என்று பிளானிலேயே எழுதி வாங்க வேண்டும்.

(மேட்டூர்): சுவரடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஒட்டுகிறோமே, அதையும் கழிக்கணுமா?

கேட்பீர்கள் என்று தெரியும்.

(கரூர்): அப்படியென்றால் பெயின்ட் கனத்தையும் கழியுங்கள்!

சரி, இதோடு விடுவோம். அரை மணி நேரம் போய்விட்டது. இன்னும் 4 பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (அந்தியூர்): இதை முறையாகப் படிக்க எங்கே போவது?

ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில், 2 வருடம். அவ்வளவு நேரம் இல்லையென்றால் உங்கள் சைட் எஞ்சினியரிடம் பழைய பிளான் ஒன்று வாங்கி, கட்டி முடித்த அந்த வீட்டுக்குள் தாளோடு நடங்கள்.

கேள்வி (பெருந்துறை): பஞ்சாயத்தில் அப்ரூவல் ஆன பிளான் கையில் இருக்கிறது. அதை வைத்தே கட்டலாமா?

அது அனுமதிக்காக வரைந்தது. கட்டுவதற்கு ஒர்க்கிங் டிராயிங் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி (சென்னிமலை): அண்ணா, பிடிஎஃப்-ஐ ஜூம் பண்ணி...

வைக்காதீர்கள். டேப்பும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம், ஜூமும் வேண்டாம்.

கேள்வி (பவானி, மறுபடியும்): அண்ணே, நூல் கட்டிவிட்டேன். நான்கு பக்கமும் அளவு சரி. குறுக்கு ஒன்று 50 அடி 2 இன்ச், இன்னொன்று 49 அடி 10 இன்ச்.

சபாஷ், வானம் பறிக்கும் முன் அளந்தீர்களே. நான்கு பக்கமும் சரி, குறுக்கு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் கட்டம் சாய்ந்திருக்கிறது. ஒரு 40 அடி நூலை அப்படியே விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்க 40 அடி நூலின் இரண்டு முளையையும் பிடுங்கி, அந்த நூல் போகும் வாக்கிலேயே இரண்டரை இன்ச் நகர்த்துங்கள். 50'2" குறையும் பக்கமாக நகர்த்த வேண்டும். முளையை அடித்துவிட்டு இரண்டு குறுக்கையும் திரும்ப அளந்து சொல்லுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.