தூரைத் தட்டிப் பாருங்கள், பிறகு மருந்தை எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சம்பாவில் புகையான் விழுந்துவிட்டது. மூன்று முறை மருந்தடித்தும் அடங்கவில்லை. முதல் முறை அடித்த பிறகுதான் கூடியதுபோலத் தெரிகிறது. கடையில் கலப்பட மருந்து கொடுத்திருப்பார்களோ?
– நெல் விவசாயி, மன்னார்குடி

கலப்படமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல மருந்து அடித்தாலும் இது நடக்கும். புகையான் என்பது நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் சின்னப் பழுப்புப் பூச்சி. அது தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. நாம் தெளிக்கும் மருந்தில் பெரும்பாலானவை அங்கே எட்டாது. வெளியே திரிகிற பூச்சி சாகும். அதைப் பிடித்துத் தின்கிற ஓநாய்ச் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சுகிற பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் கூடவே சாகும். எட்டுப் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது வயலில் காவலுக்கு யாரும் இல்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளும் குயினால்பாஸும் இப்படிப் புகையானைப் பெருக்கிவிடும் என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். நெல்லில் புகையான் இருக்கும்போது இவற்றைத் தொடவே கூடாது.

வரப்பில் நின்று பார்த்து முடிவு எடுக்காதீர்கள். வயலுக்குள் இறங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது குத்துகளைப் பாருங்கள் (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகள் ஒரு குத்து). பயிரை லேசாகச் சாய்த்து அடித்தூரை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழும். அவற்றை எண்ணுங்கள், சிலந்தியையும் எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி என்பது எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். உதாரணமாக, 15 தூர் கட்டிய குத்தில் 20 பூச்சி, ஒரு சிலந்தி என்றால் மருந்து வேண்டாம். அந்த வயலுக்கு எல்லை 30. நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணினால் போதும்.

அதற்குள் செய்ய வேண்டியது தண்ணீரை வடிப்பது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் அடித்தூரில் ஈரப்புழுக்கம் குறையும், புகையானுக்கு அது பிடிக்காது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். அடுத்த நடவில் எட்டடிக்கு ஒருமுறை ஓரடி அகலத்துக்கு நடாமல் இடைவெளி (பட்டம்) விடுங்கள். காற்றும் வெளிச்சமும் தூர் வரை இறங்கும், எண்ணிப் பார்க்க உள்ளே நடக்கவும் வழி கிடைக்கும். எல்லையைத் தாண்டிவிட்டால், வேளாண் அலுவலரிடம் புகையானுக்கு உரிய மருந்தைக் கேட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, நாசிலை அடித்தூருக்கு நேராகப் பிடித்து அடியுங்கள். இலைமேல் அடித்தது வீண்.

எங்கள் நாட்டில் 2021 இல் இரசாயனப் பசளையையும் (உரம்) கிருமிநாசினியையும் (பூச்சிமருந்து) நிறுத்தினார்கள். விளைச்சல் விழுந்தது. அப்படியானால் இவை இல்லாமல் கமம் செய்யவே ஏலாதா?
– கிளிநொச்சி வாசகர்

குறைத்துச் செய்ய முடியும். ஒரே இரவில் முடியாது. 2021 மே மாதம் இலங்கை அரசு இறக்குமதியை நிறுத்தியபோது கமக்காரர் கையில் மாற்று எதுவும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தொழு உரத்தில் அது நூற்றுக்கு அரை பங்குதான். ஒரு மூட்டை யூரியாவை ஈடுகட்ட ஏறத்தாழ நாலரை டன் தொழு உரம் வேண்டும். ஒரு நாடு முழுவதற்கும் அத்தனை எருவைச் சில மாதத்தில் எங்கே தேடுவது? நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் பெரும்போக (மாரிமழைப் பருவ) நெல் சரிந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது.

அதே இலங்கை முன்பு சரியாகச் செய்த வேலை ஒன்று உண்டு, அது பேசப்படுவதில்லை என்பது எங்களுக்கு வருத்தம். 1995 இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் போன்ற கொடிய நஞ்சுகளை நிறுத்தினார்கள். 1998 இல் எண்டோசல்பானை நிறுத்தினார்கள். நச்சு குறைந்த மாற்று மருந்துகள் கடையில் இருந்ததால் விளைச்சல் குறையவில்லை. அடுத்த பத்தாண்டில் நாட்டின் தற்கொலை விகிதம் பாதியானது. வீட்டு மூலையில் இருந்த பூச்சிமருந்துப் புட்டி முன்போல் உயிரைக் குடிப்பதாக இல்லாததே அதற்கு முக்கியக் காரணம்.

இந்தோனேசியாவின் கதையும் இதற்குப் பொருந்தும். அங்கே அரசே மானியம் கொடுத்து மருந்தடிக்க வைத்தது. 1980களின் நடுவில் ஜாவாவில் புகையான் வயல் வயலாகத் தின்றது. மன்னார்குடி வாசகருக்குச் சொன்ன அதே காரணம்தான். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ 57 பூச்சிமருந்துகளை நெல்லில் அடிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. தடையோடு நின்றிருந்தால் அதுவும் தோற்றிருக்கும். 1989 முதல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 விவசாயிகள் வாரம் ஒருநாள் காலையில் வயலில் இறங்கி, பயிரையும் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, பெரிய தாளில் வரைந்து, அந்த வாரம் என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். இளம் பயிரின் இலையைக் கத்தரித்துவிட்டு, அது எப்படித் தழைக்கிறது என்று தாங்களே பார்த்தார்கள். ஓர் இலை கடிபட்டதும் மருந்துக்கடைக்கு ஓடுகிற பயம் அப்படித்தான் போனது. மருந்து பெருமளவு குறைந்தது, நெல் விளைச்சல் விழவில்லை.

வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. எங்கே தவறு?
– கத்தரி விவசாயி, ஒட்டன்சத்திரம்

பெரும்பாலும் கொட்டையில். பறித்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், பத்து மாதத்தைத் தாண்டக் கூடாது. பூஞ்சணம் பிடித்தது உதவாது. 100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ என்று சொல்வது ஓடு நீக்கிய பருப்பின் எடை. ஓட்டோடு நிறுத்துப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பால்போல வெளுக்கும்வரை கலக்கி, இரண்டாக மடித்த துணியில் வடிகட்டி, பத்து லிட்டராக்குங்கள். 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். கொதிக்க வைக்காதீர்கள், மீதியை எடுத்துவைத்து மறுநாள் அடிக்காதீர்கள். வெயிலில் சத்து அழிந்துவிடும், அதனால் மாலை மூன்றரைக்குப் பிறகு அடியுங்கள். இது பூச்சியைத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் செய்வது, அடித்த உடனே கொல்வதல்ல. புழு பெரிதான பிறகு அடித்தால் கேட்காது.

மருந்தடித்த அன்று என் கணவருக்கு வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் வழிகிறது. மோர் குடித்தால் சரியாகுமா?
– வாசகி, விழுப்புரம்

ஆகாது, அம்மா. நீங்கள் சொல்வது ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகை உடலில் நஞ்சேறியதன் அறிகுறி. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குவது, தசை துடிப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் அடுத்து வரும். உடனே உடுப்பைக் கழற்றி, தலைமுடி உட்பட சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்கு அழைத்து, மருந்துப் புட்டியையும் லேபிளோடு கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் அட்ரோபின் போன்ற முறிவு மருந்தை மருத்துவர் தாமதமில்லாமல் கொடுக்க முடியும்.

2017 இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்ததால் மருந்து முகத்திலேயே விழுந்தது. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்திருந்தார்கள். உடம்பை மூடிக்கொள்ள எதுவும் இல்லை. புட்டியில் உள்ள சாய்சதுரத்தின் கீழ் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள், எதிர்காற்றில் அடிக்காதீர்கள்.

மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு மருந்தடித்து மாளவில்லை. வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?
– பெரம்பலூர் விவசாயி

கென்யாவில் ‘தள்ளு–இழு’ முறை இருக்கிறது. பூச்சிகளை ஆராயும் இசிபே மையமும் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் நிலையமும் 1990களில் தண்டுத் துளைப்பானுக்காக உருவாக்கியது. சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசம் அந்துப்பூச்சியை விரட்டும், புல் தன் பக்கம் இழுக்கும். புல்லில் முட்டையிட்டாலும், அதன் பசைச்சாற்றில் சிக்கிப் பெரும்பாலான புழுக்கள் வளராது. வேரை உறிஞ்சும் ஸ்ட்ரைகா களையையும் டெஸ்மோடியம் அடக்கும், மாட்டுக்கும் தீனி. படைப்புழு வந்தபின் அங்கே இந்த வயல்களில் சேதம் குறைவாக இருந்தது. நீங்கள் இப்போதைக்கு, கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு போட்டு, ஓரத்தில் தட்டைப்பயறோ எள்ளோ விதையுங்கள். புழு சிறிதாக இருக்கும்போதே வேப்பங்கொட்டைக் கரைசலைக் குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் காய்கறியின் மருந்தெல்லாம் போய்விடுமா?
– மதுரை வாசகி

தோல்மேல் இருப்பதில் ஒரு பகுதி போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது. லிட்டருக்கு 20 கிராம் உப்பு போட்டுச் சிறிது நேரம் வைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். ஆப்பிளுக்குச் சமையல் சோடா நன்றாக வேலை செய்கிறது. லிட்டருக்கு 10 கிராம், கால் மணி நேரம். பாத்திரம் கழுவும் சோப்பைக் காய்கறியில் போடாதீர்கள்.