குழந்தைகள் தங்கள் தனித்தன்மையைத் தாங்களே உணர, கவிதையை வைத்து வீட்டில் என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பெயர் சூட்டும் விளையாட்டு உண்டு. அதற்கான யோசனையைக் கொடுத்தது குறுந்தொகை.

சங்கப் புலவர்கள் சிலருடைய இயற்பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர்கள் எழுதிய தொடரே பெயராக நின்றுவிட்டது. ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் ஆடுவதைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார் (பாடல் 41). விலக்கிவிட ஆளில்லாமல் குப்பைமேட்டில் சண்டை போடும் கோழியைச் சொன்னவர் குப்பைக் கோழியார் (305). என் மகனுக்கு இவர்மேல் தனிப் பிரியம்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்வேன். அந்த வாரம் தானே பார்த்தது, கேட்டது எதுவாகவும் இருக்கலாம். அந்த வரியிலிருந்து இன்னொருவர் பெயர் எடுத்துக் கொடுக்க வேண்டும். நல்லவன், சமர்த்து, அறிவாளி என்ற சொற்களுக்கு இடமில்லை. அவை ஊரில் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். செருப்புக்குள் தவளையைப் பார்த்தது என் மகன் ஒருவன்தான். அவன் 'செருப்புத் தவளையார்' ஆனான்.

மகள் அதிகம் பேசமாட்டாள். உறவுக்காரர்கள் எல்லாரும் "அமைதியான பொண்ணு" என்று சொல்லிச் சொல்லி அவளும் அதை நம்பியிருந்தாள். "வகுப்பில் எல்லாரும் கத்தும்போது, விசிறி எப்போது முனகும் என்று எனக்கு மட்டும் தெரியும்" என்று எழுதினாள். தம்பி 'பேசாதார்' என்று வைத்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பேசாம இல்லடா, கேட்டுட்டு இருக்கேன்" என்றாள். பேரம் நடந்து 'விசிறியொலியார்' என்று முடிவானது. கொடுத்த பெயரை மறுக்கும் உரிமையைக் கட்டாயம் வையுங்கள். பிள்ளை தன்னைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அந்த மறுப்பில்தான்.

பெரியவர்களும் எழுத வேண்டும். என் மாமியார் "எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கியே இருந்தார். பிறகு ஒருநாள், "ஆட்டுக்கல்லோட சத்தத்துல நான் பாடினது யாருக்கும் கேட்காது" என்றார். பேத்தி அதை எழுதிக்கொண்டு, 'ஆட்டுக்கல் பாடினியார்' என்று பெயர் வைத்தாள். பாட்டி பாடுவார் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. என் கணவருக்கும்கூட.

எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், பேச்சுத் தமிழை அப்படியே விடுங்கள். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வரிக்குக் கீழே தேதியும் புதுப்பெயரும் போட்டு ஒரே நோட்டில் சேர்த்துவையுங்கள். அடுத்த வாரம் வேறு வரி, வேறு பெயர்.