ஹெபாரின் ஒரு சர்க்கரை என்கிறார்களே, அது எப்படி ரத்தம் உறைவதைத் தடுக்கிறது?

ஆமாம், சர்க்கரைதான். ஆனால் இனிக்கிற சர்க்கரை இல்லை. இரண்டு வகைச் சர்க்கரை அலகுகள் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலி அது. சங்கிலியெங்கும் சல்பேட் ஒட்டியிருப்பதால் எதிர்மின்சுமை மிக அதிகம்.

"ரத்தத்தை இளக்கும் மருந்து" என்று சொல்லிச் சொல்லியே அதன் உண்மையான வேலை பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. ஹெபாரின் ரத்தத்தை இளக்குவதில்லை; ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைதல் காரணிகள் எதையும் நேராகத் தாக்குவதும் இல்லை. பிளாஸ்மாவில் துணைக்கு வேறொன்று இல்லாவிட்டால் அதனால் பயனில்லை என்பதை 1939-லேயே அமெரிக்க ஆய்வாளர் பிரிங்ஹவுஸின் குழு காட்டிவிட்டது. அந்தத் துணைதான் கல்லீரல் உருவாக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம்.

ரத்தம் உறைவது புரோட்டியேஸ்களின், அதாவது புரதத்தை வெட்டும் நொதிகளின், தொடர் வேலை. கடைசிக் கட்டத்தில் காரணி 10ஏ என்ற புரோட்டியேஸ், த்ராம்பின் என்ற இன்னொரு புரோட்டியேஸை உருவாக்கும். த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் புரதத்தை வெட்டி, ரத்தக்கட்டியின் இழையான ஃபைப்ரின் ஆக்கும். 10ஏ, த்ராம்பின் இரண்டுக்கும் ஆன்டித்ராம்பின் எலிப்பொறி மாதிரி. தன் உடலிலிருந்து ஒரு வளையத்தை இரையாக நீட்டி வைத்திருக்கும். புரோட்டியேஸ் வந்து அதை வெட்டும், ஆனால் வெட்டி முடித்து விலகுவதற்குள் வளையம் புரதத்துக்குள் சட்டென்று செருகிக்கொண்டு, புரோட்டியேஸையும் மறுகோடிக்கு இழுத்துப் போய்விடும். அந்த இழுப்பில் அதன் வடிவமே குலைந்து செயலற்றுப் போகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

சிக்கல் என்னவென்றால், சும்மா இருக்கும் ஆன்டித்ராம்பினில் அந்த வளையத்தின் ஒரு முனை உள்ளே மடங்கியே இருக்கும். அதனால் ரொம்ப மெதுவாகத்தான் வேலை செய்யும். ஹெபாரின் சங்கிலியில் குறிப்பிட்ட ஐந்து சர்க்கரைகள் வரிசையாக அமைந்த ஒரு துண்டு உண்டு. அது வந்து ஒட்டியதும் வளையம் முழுதாக வெளியே வருகிறது. காரணி 10ஏ-வைப் பிடிக்கும் வேகம் சில நூறு மடங்கு கூடுகிறது. அந்த ஐந்தில் நடுச் சர்க்கரையின் மூன்றாவது கார்பனில் உள்ள ஒரேயொரு சல்பேட்டை எடுத்துவிட்டால் பிணைப்பு பெருமளவு போய்விடும். மருந்தாக வரும் ஹெபாரினிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு சங்கிலிகளில்தான் இந்தத் துண்டு இருக்கிறது.

த்ராம்பினுக்கு இது போதாது. அதுவும் அதே சங்கிலியில் வந்து உட்கார வேண்டும், அதற்குக் குறைந்தது 18 சர்க்கரை நீளம் தேவை. மருந்துகளின் வேறுபாடு இங்கேதான் வருகிறது. ஃபோண்டாபாரினக்ஸ் அந்த ஐந்து சர்க்கரை மட்டுமே, ஆகவே 10ஏ-வை மட்டும் அடக்கும். எனாக்சபாரினில் பெரும்பாலும் குட்டைச் சங்கிலிகள், 10ஏ பக்கமே சாய்வு. சாதாரண ஹெபாரின் இரண்டையும் அடக்கும். வேலை முடிந்ததும் ஹெபாரின் மட்டும் கழன்று அடுத்த ஆன்டித்ராம்பினைத் தேடிப் போகும்.

அப்புறம், ஊசி போடாதவர்களுக்கு? ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஹெபாரான் சல்பேட் என்ற, ஹெபாரினின் நெருங்கிய உறவு இருக்கிறது; அதுவும் ஆன்டித்ராம்பினோடு ஒட்டும். இந்தச் சர்க்கரைப் பிணைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 'ஆன்டித்ராம்பின் புடாபெஸ்ட் 3' என்ற மரபணு மாற்றமே சாட்சி. அதில் பொறி நன்றாகவே இருக்கும், சர்க்கரை ஒட்டும் இடம்தான் பழுது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்குச் சிறு வயதிலேயே ரத்தக்கட்டி வரலாம்.

ஆன்டித்ராம்பின் அளவு மிகவும் குறைந்த நோயாளிக்கு ஹெபாரின் டோஸைக் கூட்டியும் எதிர்பார்த்த பலன் வராமல் போவதற்கும் காரணம், ஹெபாரினுக்கு அந்தத் துணை போதாததுதான். அப்போது மருத்துவர்கள் சில சமயம் ஆன்டித்ராம்பினையே ஏற்றுகிறார்கள்.