இலையைப் பார்த்துப் பரிமாறுங்கள்

கேள்வி: வணக்கம் ஆச்சி. எனக்கு 52 வயது. காரைக்குடியில் இருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். ஏழெட்டு மாதமாக ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து, அமாவாசையன்றும் ஞாயிறு இரவும் பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷன் பக்கமும் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து வருகிறேன். மக்கள் சேவையே மகேசன் சேவை என்று நம்பித்தான் போனேன். ஆனால் பூஜை அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கிடைக்கிற அமைதி அங்கே கிடைக்கவில்லை. போன மாதம் ஒரு பெரியவர் நான் கொடுத்த சாம்பார் சாதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். ‘குடிகாரனுக்குச் சோறு போட்டு என்ன புண்ணியம்?’ என்கிறார் என் கணவர். நான் செய்வது ஆன்மிகம்தானா, இல்லை வெறும் வீம்பா?
— பெயர் வேண்டாம், காரைக்குடி.

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

அழுததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனாலேயே இந்த மாதம் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

பூஜை அறையில் அமைதி கிடைக்காமல் என்ன செய்யும்? சாமி என்றைக்காவது பிரசாதத்தில் உப்பில்லை என்று சொல்லியிருக்கிறாரா? நைவேத்தியத்தைத் தள்ளிவிட்டிருக்கிறாரா? பஸ் ஸ்டாண்டில் இருப்பவர் வாய் திறந்து சொல்கிறார், கையால் தள்ளுகிறார். உங்கள் ஆன்மிக சாதனை அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை நடந்தது சமையல்.

அந்தச் சாம்பார் சாதத்துக்கு வருவோம். எத்தனை மணிக்கு வடித்தீர்கள், எத்தனை மணிக்குக் கட்டினீர்கள்? ஆவி போகாமல் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துவிடும். மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் பிரித்தால் பருப்பு நாற்றம் லேசாகத் தட்டும். நமக்குத் தெரியாது, நாம் வீட்டில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்போம். அவருக்குத் தெரியும். கெட்டுப்போனதைத் தின்றுவிட்டு ராத்திரி வயிற்றைக் கலக்கினால் அவர் எங்கே போவார்? நமக்கு இருக்கிற கதவும் தாழ்ப்பாளும் அவருக்கு இல்லையே. அப்புறம் அமாவாசை. அன்றைக்கு ஊரே அன்னதானம் செய்கிறது. உங்கள் பொட்டலம் அவருக்கு நான்காவதாக இருந்திருக்கலாம். பல் இல்லாதவராக இருந்தால் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயைப் பார்த்தே தள்ளியிருப்பார். இவற்றில் எது என்று எனக்குத் தெரியாது. நீங்களும் அவரைக் கேட்கவில்லை, அழப் போய்விட்டீர்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். தேவகோட்டையில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் வழிப்போக்கர் யாராவது வந்து உட்கார்ந்தால் இலை போடாமல் அனுப்ப மாட்டார் அப்பத்தா. எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். ஒருநாள் ரசம் ஊற்றுகிற வேலை எனக்கு. வந்தவர் போதும் என்று இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தார். தானம் செய்கிற உற்சாகத்தில் நான் கரண்டியைச் சாய்த்துவிட்டேன். கொதிக்கிற ரசம் அவருடைய புறங்கையில். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையை உதறிக்கொண்டார். அப்பத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றிவிட்டு என்னை இரண்டாங்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். “அவரு வேண்டாம்னது ஒனக்குத் தெரியலையா? யாரு மொகத்தப் பாத்து ஊத்துன? எலையப் பாருடி!” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு கடைசியில்தான்.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் நீங்களும் பரிமாறியிருப்பீர்கள். உட்கார்ந்திருப்பவர் நல்லவரா, மொய் எழுதினாரா என்றா பார்க்கிறோம்? இலையில் எது தீர்ந்திருக்கிறது, கை எதன் பக்கம் போகிறது, அவ்வளவுதான். வேண்டாம் என்றால் அடுத்த இலை. யாராவது பாயசத்தை மறுத்தார் என்று அழுதிருக்கிறீர்களா? அதே கண்ணை பஸ் ஸ்டாண்டுக்கும் கொண்டுபோங்கள் என்கிறேன்.

உங்கள் கணவர் கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, வள்ளலாரே சொல்லிவிட்டார். 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தவர் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன செய்கிறவர் என்று விசாரிக்காமல் பசியை ஆற்றச் சொன்னவர் அவர். குடிப்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள், அது வேறு. சோற்றைக் குடிக்க முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்து இளையான்குடியில் வாழ்ந்த மாறனார் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நடு இரவு, மழை, வீட்டில் குன்றிமணி அரிசி இல்லை, அப்போது ஒரு சிவனடியார் வந்து நிற்கிறார். பகலில் விதைத்த நெல்லை மாறனார் இருட்டில் தடவித் தடவி வாரிக்கொண்டு வருகிறார். விறகு இல்லை என்றதும் கூரை வரிச்சை அறுத்துத் தருகிறார். எல்லாரும் அவரைத்தான் புகழ்கிறோம். எனக்கு அவர் மனைவி, அந்த அம்மாவைத்தான் பிடிக்கும். விதைநெல் இருக்கிறது என்று யோசனை சொன்னதும் அவர், பறித்துவந்த ஒரே கீரையை விதவிதமாகக் கறி ஆக்கியதும் அவர். இந்த நேரத்திலா வருவது என்று வந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு உள்ளே அமைதி இருந்ததா என்று புராணம் சொல்லவில்லை. அடுப்பில் கவனம் இருந்தது, அது தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நம் நகரத்தார் யாத்திரையில், வீட்டில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவர்கூட வழியில் பந்தி போட்ட இடத்தில் தரையில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிடுகிறார். கை நீட்டி வாங்குவது எப்படி இருக்கும் என்று வருஷத்துக்கு ஒருமுறை அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை வீட்டில் சாப்பிடாமல் போங்கள். கடைசிப் பொட்டலம் உங்களுக்கு. அதே பெஞ்சில், அதே நேரத்தில் பிரித்துச் சாப்பிடுங்கள். இறங்கவில்லை என்றால் சமையலை மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது? சாம்பார் சாதத்தை விட்டுவிடலாம். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளி சாதம் தாங்கும். தயிர் சாதத்தைக் குழைய வடித்து, ஆறவிட்டு, பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால் இரவுக்குள் புளிக்காது, பல் இல்லாதவருக்கும் இறங்கும். வாழையிலையில் கட்டுங்கள். அச்சடித்த பேப்பர் சோற்றில் படவே கூடாது. தண்ணீர் பாட்டிலை மறந்துவிடாதீர்கள், சோற்றைவிட அதைத்தான் நிறையப் பேர் கேட்பார்கள். பல நாள் பட்டினி கிடந்தவர் என்று தெரிந்தால் வயிறு நிறையப் போடக்கூடாது. கஞ்சி கொஞ்சம் கொடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆதரவில்லாத முதியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567. மனநலம் குன்றி அலைகிறவரைக் கண்டால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள். 2017 மனநலச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பது அவர்கள் கடமை. கிழமையையும் மாற்றிப் பாருங்கள். அமாவாசைக்கு மறுநாள் அங்கே போனால் ஒருவர்கூடச் சோறு கொண்டுவந்திருக்க மாட்டார்.

போட்டோ பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். உங்கள் குழுவில் யாராவது பொட்டலம் வாங்குகிறவர் முகத்தோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறார்களா? வைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் சரி. நம் வீட்டுப் பந்தியில் வாயைத் திறந்து சாப்பிடுகிறவரைப் படம் எடுத்தால் சும்மா விடுவாரா?

ஞாயிறு பூஜை தவறுகிறதே என்ற கவலை இருந்தால், விளக்கைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். இரவில் தனியாக மட்டும் போகாதீர்கள்.

வீம்பா என்று கேட்டீர்கள். கொஞ்சம் இருக்கலாம். ரசக் கரண்டியைச் சாய்த்த எனக்கும் இருந்தது. அது போன பிறகுதான் பரிமாறுவேன் என்று உட்கார்ந்தால் அந்தப் பெரியவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அடுத்த முறை அவரைப் பார்த்தால் பொட்டலத்தை நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “தயிர் சாதம் இருக்கு, புளி சாதம் இருக்கு, எது வேணும் ஐயா?” என்று கேளுங்கள். ரெண்டும் வேண்டாம், ஒரு டீ வாங்கிக் கொடு என்று சொன்னாலும் சொல்வார். வாங்கிக் கொடுங்கள். சர்க்கரை போடலாமா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள்,
ஆச்சி