பெசன்ட் நகர் படத்துக்கு ஒரே நிறம் வேண்டுமா?

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி ஒன்பது பேரும் பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் படம் எடுக்கப் போகிறீர்கள், எல்லோருக்கும் ஒரே நிறம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கல்யாண வீட்டுச் சீருடை மாதிரி ஆகிவிடும்.

அம்மா அரக்குப் பட்டுதான் கட்டுவேன் என்கிறார் அல்லவா, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் புடவையையும் ஜரிகையையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதற்கு ஒத்துப்போகிற மாம்பழ மஞ்சள், சந்தனம், மங்கிய பச்சை என்று மற்றவர்களுக்குப் பிரியுங்கள். சந்தனம் மட்டும் அளவாக இருக்கட்டும். எல்லோரும் அதையே போட்டால் மணலோடு கலந்துவிடுவீர்கள். அப்பாவுக்கு வெள்ளை வேட்டி சரி, சட்டை சந்தன நிறமாக இருக்கட்டும். பின்னால் ஷ்மிட் நினைவு மண்டபமும் வெள்ளை. வெயில் ஏறினால் வெள்ளைச் சட்டை வெறும் வெளிச்சமாகத்தான் விழும்.

பளீர் பச்சை, ரோஸ் தவிர்க்கவும், அந்தச் சாயல் தாடையில் அடிக்கும். மெல்லிய கோடு போட்ட சட்டையும் வேண்டாம், படத்தில் அலையலையாகத் தெரியும். எங்கள் வீட்டுப் படத்தில் மாமா இன்றும் அப்படித்தான் மின்னுகிறார்.

அப்புறம், சூரியன் கடல் பக்கம் உதிப்பதால், வெயில் ஏறி முகத்தில் அடிக்கும் முன், ஆறரைக்குள் போய்விடுங்கள்.